சாலையை மூடுவது யார், திறப்பது எப்போது?

சீன அதிபர் ஷி ஜின்பிங் சென்னை விமான நிலையத்தில் இறங்கியது 2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல். கிண்டியில் உள்ள ஓட்டலில் சற்று ஓய்வெடுத்துவிட்டு, பிரதமர் மோடியைச் சந்திக்க மாமல்லபுரத்துக்குக் காரிலேயே கிளம்பினார். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தூரம். காலியான சாலையில் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அன்று ராஜீவ் காந்தி சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 9 மணி வரை கட்டுப்பாடு என்று போக்குவரத்து போலீஸ் முன்கூட்டியே அறிவித்திருந்தது. லாரி, டேங்கர் போன்ற கனரக வண்டிகளுக்குக் காலை 6 மணி தொடங்கி இரவு 11 மணி வரை அந்தச் சாலைகளில் இடமில்லை. மறுநாள் காலையிலிருந்து பிற்பகல் வரை மீண்டும் இதே ஏற்பாடு. ராஜீவ் காந்தி சாலையோரம் இருந்த பல ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன.

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதற்கு ஏழு மணி நேரக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்டால், போலீஸ்காரர்களை எரிச்சலோடு குறை சொல்வதாக ஆகாது. நியாயமான கேள்வி அது. அதற்குப் பதிலும் உண்டு. அந்தப் பதில் தெரிந்தால்தான், எந்த மூடல் அவசியம், எது அளவு மீறியது என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடியும்.

பெரிய தலைவர் ஒருவர் சாலை வழியே போகிறார் என்றால், வேலை அவர் காரில் ஏறும்போது தொடங்குவதில்லை. சில நாட்களுக்கு முன்பே மத்திய, மாநிலப் பாதுகாப்பு அதிகாரிகள் கூடி வழித்தடத்தை முடிவு செய்கிறார்கள். சாலையில் உள்ள பாலங்கள், சிறுபாலங்கள், வடிகால் மூடிகள், ஓரத்தில் நிற்கும் கேட்பாரற்ற வண்டிகள், கட்டுமானக் குவியல்கள், பார்வைக்கு மேலே தெரியும் மாடிகள் எல்லாவற்றையும் கணக்கெடுக்கிறார்கள். பிறகு ஒத்திகை. காலி கார்களை வைத்து முழு அணிவகுப்பையும் ஓட்டிப் பார்த்து, எந்தச் சந்திப்பைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். விழாவுக்கு முந்தைய நாள் காரணம் தெரியாமல் சிக்னலில் நிற்கிறோமே, அது பெரும்பாலும் இந்த ஒத்திகைதான். அன்றைய தினம் வெடிகுண்டு கண்டறியும் குழுவும் மோப்ப நாய்களும் சாலையைச் சோதித்து முடித்த பிறகு, சோதித்த இடத்தில் புதிதாக எதுவும் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் நேரத்தைத் தின்கிற இடம். சோதனை முடிந்த சாலையில் ஒரு லாரியை விட்டுவிட்டால் சோதனையே செல்லாததாகிவிடும். அதனால் கடைசிச் சோதனையிலிருந்து கார் அணி கடந்துபோகும்வரை அந்தச் சாலை காவலில் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால் ரத்தம் தோய்ந்த வரலாறு இருக்கிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் அது. அங்கே யார் நெருங்கலாம், யார் நெருங்கக் கூடாது என்ற ஒழுங்கு குலைந்ததன் விலையை அவரோடு சேர்ந்து போலீஸ்காரர்களும் பொதுமக்களும் கொடுத்தார்கள். பிரதமருக்கான சிறப்புப் பாதுகாப்புக் குழு சட்டம் 1988-லேயே வந்துவிட்டது. 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குழு பதவியில் இருக்கும் பிரதமரையும் அவரோடு அதிகாரபூர்வ இல்லத்தில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தினரையும், பதவி விலகிய பிரதமரை ஐந்து ஆண்டு வரையும் காக்கிறது. ஆனால் சாலையை ஒழுங்குபடுத்துவது அந்தக் குழுவின் வேலையல்ல. அது மாநிலப் போலீஸின் பொறுப்பு. கோபம் வந்தால் டெல்லியைத் திட்டுவதா, உள்ளூர் ஆய்வாளரைத் திட்டுவதா என்று குழம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு புதிரும் பலருக்கு உண்டு. தலைவர் ஹெலிகாப்டரில்தான் போனார், அப்படியிருந்தும் சாலையை ஏன் அடைத்தார்கள்? மாமல்லபுரம் சந்திப்பின்போது மோடி திருவிடந்தை வரை ஹெலிகாப்டரில்தான் போனார். வானிலை கெட்டாலோ இயந்திரக் கோளாறு வந்தாலோ அதே பயணம் சாலைக்கு மாறும். அந்த மாற்றுத் தடம் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 ஜனவரி 5 அன்று பஞ்சாபில் நாடே பார்த்தது. பட்டிண்டாவிலிருந்து ஹுசைனிவாலாவுக்கு ஹெலிகாப்டரில் போக வேண்டிய பிரதமர், வானிலை சரியில்லாததால் சாலை வழியாகக் கிளம்பினார். ஃபிரோஸ்பூர் மாவட்டத்தில் ஒரு மேம்பாலத்தின் மேல், எதிரே போராட்டக்காரர்கள் சாலையை மறித்திருக்க, கார் அணி பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் நின்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி இந்து மல்ஹோத்ரா தலைமையிலான குழு விசாரித்தது. மாவட்டக் காவல் தலைவருக்குப் போதிய படையும் முன்தகவலும் இருந்தும் கடமையைச் செய்யவில்லை என்று அந்தக் குழு சொன்னது. யாருமே வராத ஒரு சாலையில் போலீஸ் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், அது இரண்டாவது தடமாக இருக்கலாம்.

மூடல் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனரக வண்டிகளை மட்டும் ஓரங்கட்டுவது ஒரு வகை. திருவிழா, மாநாடு, கிரிவலம் என்று தமிழ்நாட்டில் நாம் அதிகம் பார்ப்பது இதுதான். ஒரு திசையை மட்டும் நிறுத்தி மறுதிசையை ஓடவிடுவது இன்னொன்று. கார் அணி நெருங்க நெருங்க முன்னால் உள்ள சந்திப்புகளை அடைத்து, கடந்த உடனே பின்னால் திறந்துகொண்டே வருவது மூன்றாவது. இதில் எந்த ஒரு சந்திப்பும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. மக்களுக்குக் குறைந்த தொல்லை தருவது இந்த முறைதான். அதைச் சரியாகச் செய்ய ஒயர்லெஸ்ஸில் ஒவ்வொரு சந்திப்பும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நல்ல ஒத்திகை வேண்டும், சந்திப்பில் நிற்கும் காவலருக்குத் தானாக முடிவெடுக்கும் தைரியமும் வேண்டும். எதற்கு வம்பு என்று பயப்படும் அதிகாரி முழுச் சாலையையும் முழு நேரத்துக்கும் அடைத்துவிடுகிறார். என் பார்வையில் இந்த நாட்டில் தேவைக்கு மேல் நீளும் மூடல்களில் பெரும்பகுதி இந்தப் பயத்தால்தான் நீள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

நாட்டில் எங்கும் தடையின்றிப் போய்வரும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு நமக்குத் தருகிறது; பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதே பிரிவு அரசுக்கு இடம் தருகிறது. 'நியாயமான' என்பதுதான் எல்லா வழக்குகளும் சுற்றிவரும் இடம்.

நடைமுறையில் அடிக்கடி பயன்படுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 115-வது பிரிவு. பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, சாலையின் தன்மையைக் கருதியோ, குறிப்பிட்ட சாலையில் வண்டிகள் ஓடுவதை மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை. ஆனால் சூழ்நிலை இடம் தரும் அளவுக்கு அந்த வட்டாரத்தில் விளம்பரம் செய்தாக வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. நாளிதழில் 'போக்குவரத்து மாற்றம்' என்று மூலையில் வரும் செய்தி போலீஸ் நமக்குச் செய்யும் உபகாரம் இல்லை. அது சட்டம் அவர்கள் மேல் வைத்திருக்கும் கடமை.

கூட்டமும் கலவரமும் நேரலாம் என்ற அச்சம் இருக்கும்போது வருவது தடை உத்தரவு. ஊரெல்லாம் 'நூற்று நாற்பத்து நான்கு' என்று சொல்லிப் பழகிய பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவாக மாறியிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் போன்ற நிர்வாக நடுவர் போடும் உத்தரவு இரண்டு மாதம் செல்லும்; மாநில அரசு விரும்பினால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 30-ல் பசும்பொன்னில் தேவர் குருபூஜை, செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவுநாள் என்று வரும்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இத்தகைய உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. வாடகை வண்டியில் வரக்கூடாது, சொந்த வண்டிக்கு முன்அனுமதி வாங்க வேண்டும், குறிப்பிட்ட ஊர்க்காரர்கள் குறிப்பிட்ட வழியில்தான் போய்வர வேண்டும் என்கிற அளவுக்கு விவரமாக இருக்கும். 2011-ல் பரமக்குடியில் சாலை மறியலின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூடும், அதில் போன உயிர்களும் அந்த மாவட்டத்து மக்களின் நினைவில் இன்னும் இருக்கின்றன. அங்கே யார் எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போகிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

இந்தத் தடை உத்தரவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் சொன்னது எல்லோரும் அறிய வேண்டியது. வழக்கு காஷ்மீரின் இணைய முடக்கம் பற்றியது என்றாலும் தீர்ப்பு தடை உத்தரவுகளையும் தொட்டது. உத்தரவில் காரணம் இருக்க வேண்டும். ஆபத்தின் அளவுக்குத் தடையின் அளவு பொருந்த வேண்டும். உத்தரவை வெளியிட வேண்டும். வெளியிட்டால்தானே பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக முடியும். ஒரே உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகாரத்தை முறைகேடாகப் பயன்படுத்துவது.

சாலைக்குச் சொந்தக்காரர் யார் என்பதும் குழப்பம் தருகிற இடம். தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆணையம், மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, சுங்கச் சாவடி நடத்துவது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம். பராமரிப்புக்காகவோ வெள்ளத்தாலோ சாலையை மூடும் அதிகாரம் நெடுஞ்சாலை நிர்வாகத்துக்கும் உண்டு. ஆனால் விழாவுக்காக, விருந்தினருக்காக மூடும் முடிவு போலீஸும் மாவட்ட நிர்வாகமும் எடுப்பது. சுங்கச் சாவடி ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

நெடுஞ்சாலை 44

காஷ்மீரின் ஸ்ரீநகரில் தொடங்கி நம் கன்னியாகுமரியில் முடிகிறது 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று நாம் தினமும் ஓட்டும் அதே சாலை. பாதுகாப்புக்காக ஒரு நெடுஞ்சாலையை மூடுவது எதுவரை போகலாம் என்பதை இந்தச் சாலையின் வடபகுதி இரண்டு முறை காட்டியிருக்கிறது.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா மாவட்டத்தில் இந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை வண்டிகளின் மேல் வெடிமருந்து நிரப்பிய கார் மோதியது. 40 வீரர்கள் இறந்தார்கள். படை வண்டிகள் போகும் அதே நேரத்தில் பொதுமக்களின் வண்டிகளும் அதே சாலையில் ஓடிக்கொண்டிருந்தது அந்தத் தாக்குதலுக்கு வசதியாகப் போயிற்று. சில வாரங்களில் மக்களவைத் தேர்தல். தேர்தல் பணிக்குப் படைகள் பெருமளவில் நகர வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: உதம்பூரிலிருந்து பாராமுல்லா வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டருக்கு, மே 31 வரை, ஞாயிறும் புதனும் காலை 4 மணியிலிருந்து மாலை 5 மணி வரை பொதுமக்கள் வண்டி எதுவும் ஓடக்கூடாது.

வீரர்களின் உயிர் பெரிது. அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் பள்ளத்தாக்கின் ஊர்கள் இந்தச் சாலையை ஒட்டியே அமைந்தவை. ஆஸ்பத்திரி, கல்லூரி, சந்தை, கல்யாணம் எல்லாம் இதைக் கடந்துதான் நடக்க வேண்டும். நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் விலக்கு உண்டு என்றார்கள். அந்த விலக்கைப் பெற நடுவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அனுமதிச் சீட்டுக்குப் பதிலாக ஒருவருடைய கையிலேயே அனுமதியை எழுதி முத்திரை குத்திய படம் அந்த நாட்களில் நாடெங்கும் பரவியது. நீதிமன்றத்தில் வழக்குகள் போயின. அரசியல் கட்சிகள் பல எதிர்த்தன. தடை படிப்படியாகத் தளர்ந்தது. குறித்த நாள்வரை அதே கடுமையோடு ஓடவில்லை.

இந்த உத்தரவில் ஒரு நல்ல அம்சம் இருந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை, என்றைக்கு முடியும் என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததால்தான் எதிர்க்க முடிந்தது, குறைக்கச் சொல்லிக் கேட்க முடிந்தது.

இதே சாலையில் ஐந்து ஆண்டுகள் கழித்து நடந்தது வேறு. 2024 பிப்ரவரியில் டெல்லி நோக்கிப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளைத் தடுக்க, அம்பாலா அருகே ஷம்பு எல்லையில் ஹரியானா அரசு கான்கிரீட் தடுப்புகளை வைத்து நெடுஞ்சாலையை அடைத்தது. விவசாயிகள் மறுபக்கம் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 10 அன்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு வாரத்துக்குள் தடுப்புகளை அகற்றச் சொன்னது. ஹரியானா மேல்முறையீட்டுக்குப் போனது. ஒரு மாநில அரசு நெடுஞ்சாலையை எப்படி அடைக்கலாம், போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதுதானே அதன் கடமை என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. பிறகு பேச்சுவார்த்தைக் குழு, தவணை, தவணை. சாலை திறந்தது 2025 மார்ச் 20-ல், பஞ்சாப் போலீஸ் கூடாரங்களை அகற்றிய பிறகு. பதின்மூன்று மாதம். அதுவரை லாரிகளும் பஸ்களும் கிராமத்துச் சாலைகளில் சுற்றிக்கொண்டு போயின.

தற்காலிகம் என்ற பெயரில் தொடங்கிய ஒன்று பதின்மூன்று மாதம் நீண்டது எப்படி? திறக்கும் நேரம் என்று ஒன்று அதில் எழுதப்படவே இல்லை. மூடும் ஆணையில் மூடும் நேரத்தைவிடத் திறக்கும் நேரம் முக்கியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். திறக்கும் நேரம் குறித்துவிட்டால், அதைத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் யாரோ ஒருவர் காரணம் சொல்லியாக வேண்டும். குறிக்காவிட்டால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அடைத்த சாலைக்கு வெளியே

ஏரியில் ஒரு மதகை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது, வேறு கரையைப் போய் முட்டும். 2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்குள் இனி வண்டி விட முடியாது என்ற நிலை வந்தபோது, நெரிசல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மத்தியப் பிரதேசத்தில் தெரிந்தது. கட்னி, மைஹர், ரீவா என்று வழியிலேயே வண்டிகளை நிறுத்திவைத்தார்கள். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வந்த குடும்பங்கள் சாலையிலேயே பல மணி நேரத்தைக் கழித்தன. மூடும் திட்டத்தோடு, மூடியதால் தேங்குகிறவர்களுக்கு என்ன செய்வது என்ற திட்டமும் போக வேண்டும்.

நம் ஊரில் இதை மிகக் கொடுமையாகக் கற்றுக்கொண்டோம். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கான மக்கள். காமராஜர் சாலையில் பாஸ் உள்ள வண்டிக்கு மட்டும் அனுமதி. நிகழ்ச்சி முடிந்தது மதியம் 1 மணிக்கு, உச்சி வெயிலில். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும்; பஸ்ஸும் ரயிலும் நடந்து போகும் தூரத்தில்; ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை; குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று வந்தவர்கள் கதறினார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். குண்டும் இல்லை, கலவரமும் இல்லை. வெயிலும் நெரிசலும் தாகமும்.

வண்டியை நிறுத்தும்போது மனிதர்களை நடக்க வைக்கிறோம். நடக்க வைத்தால் நிழல் தர வேண்டும், தண்ணீர் தர வேண்டும், எத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்துக்கு இந்த ஏற்பாடு பல்லாண்டுப் பழக்கத்தில் உருவாகியிருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குள் வண்டி நுழையாது. ஊருக்கு வெளியே ஒவ்வொரு திசைச் சாலையிலும் தற்காலிகப் பஸ் நிலையம் போட்டுவிடுகிறார்கள். வேலூரிலிருந்து வருகிறவர் வேலூர்ச் சாலையிலேயே இறங்கி, திரும்பும்போது அதே இடத்தில் ஏறுகிறார். குறைகள் இருக்கின்றன, கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகுகிறது. ஆனாலும் வருகிறவர் எங்கே இறங்குவார், எங்கே ஏறுவார் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது.

கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று நடந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். வேலுசாமிபுரத்தில், ஈரோடு போகும் சாலையில், ஒரு கட்சித் தலைவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். உச்ச நீதிமன்றம் அதை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. ஆனால் ஒன்று விசாரணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை: போக்குவரத்துக்காகப் போட்ட சாலை ஆயிரக்கணக்கானவர்கள் மணிக்கணக்கில் நிற்பதற்கான இடமில்லை. அதற்குப் பக்கவாட்டு வெளிவழி கிடையாது, சாக்கடையும் கடைகளும் இருபுறமும் நெருக்குகின்றன. நெடுஞ்சாலையில் பொதுக்கூட்டத்துக்கு வழிமுறைகள் வகுக்கும்வரை அனுமதி இல்லை என்று அதன்பின் மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இவ்வளவு உயிர்கள் போகும் முன்பே வந்திருக்க வேண்டிய முடிவு.

குறைக்க முடியுமா?

முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2021 அக்டோபர் 1, நடிகர் சிவாஜி கணேசன் பிறந்தநாள். அடையாறில் உள்ள அவர் மணிமண்டபத்துக்கு முதலமைச்சர் வருகிறார் என்று போலீஸ் சாலையை அடைத்தது. நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் கார் இருபத்தைந்து நிமிடம் போல மாட்டிக்கொண்டது. நீதிபதி உள்துறைச் செயலாளரை அழைத்து விளக்கம் கேட்டார். செயலாளர் வருத்தம் தெரிவித்தார். அடுத்த சில நாட்களில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினின் கார் அணி பன்னிரண்டு வண்டியிலிருந்து ஆறாகக் குறைந்தது. அவர் செல்லும்போது பொதுமக்கள் போக்குவரத்தை நிறுத்த வேண்டாம் என்று முடிவானது. மாட்டிக்கொண்டவர் நீதிபதியாக இல்லாமல் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்ற கேள்வி என் மனதில் இருக்கிறது. எப்படி நடந்தாலும் நல்லது நடந்தது. ஆறு வண்டியோடும் முதலமைச்சர் பாதுகாப்பாகப் போய்வர முடியும் என்று தெரிந்தது.

அதே ஆண்டு ஜூனில் இன்னொரு நல்ல முடிவு. தலைவர்கள் போகும் சாலையோரத்தில் பந்தோபஸ்துக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று மாநிலக் காவல் தலைவர் உத்தரவிட்டார். மணிக்கணக்கில் கழிப்பறை வசதிகூட இல்லாமல் வெயிலில் நிற்பவர்களின் பாடு அதுவரை பேசப்படாமலே இருந்தது. சாலை அடைக்கும்போது நம்மைப் போலவே அவதிப்படுகிறவர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். ஆண் காவலர்களுக்கும் இதே அக்கறை வேண்டும்.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் பேரம் கூடாது. வழிவிடாத ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவைத்திருக்கிறோம். குடிமகன் மேல் இவ்வளவு கடுமை காட்டும் அரசு, தான் வைக்கும் தடுப்பில் அதைவிடக் கடுமையாகத் தன்னை நடத்திக்கொள்ள வேண்டும். சாலை அடைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் ஆம்புலன்ஸுக்கு எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் திறப்பது என்று முன்பே எழுதி, அங்கே நிற்கும் கடைசிக் காவலர் வரை சொல்லியிருக்க வேண்டும். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் ஒயர்லெஸ்ஸை எடுக்கும் நிமிடத்தில் ஓர் உயிர் போய்விடலாம்.

நீங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

பெரிய நிகழ்ச்சி அறிவிப்பு வந்ததும் நிகழ்ச்சி நேரத்தைப் பார்க்காதீர்கள், போக்குவரத்துக் காவல் துறை வெளியிடும் கட்டுப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். அது நிகழ்ச்சிக்குச் சில மணி நேரம் முன்பே தொடங்கும். செல்போன் வரைபடத்தை முழுதாக நம்ப வேண்டாம். போலீஸ் தடுப்பு வைத்த பிறகுதான் அதற்கே விஷயம் தெரியவரும். சென்னை விமான நிலையம் போக வேண்டியவர்கள் அன்றைக்கு மெட்ரோ ரயிலைப் பிடிப்பது நல்லது. கனரக வண்டி ஓட்டுபவர்கள், தடை தொடங்கும் ஊருக்கு வெகு முன்பே, சாப்பாடும் கழிப்பறையும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள். தடுப்பு வரை போய் நின்றால் பின்னால் திரும்பவும் வழி இருக்காது. தேர்வு, டயாலிசிஸ், அறுவைச் சிகிச்சை, வீட்டுக் கல்யாணம் போன்றவை அந்த நாளில் இருந்தால், நுழைவுச் சீட்டையோ மருத்துவரின் சீட்டையோ அழைப்பிதழையோ கையில் வைத்துக்கொண்டு, முந்தைய நாளே அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். சந்திப்பில் நிற்பவரிடம் வாதாடுவதைவிட இது பலன் தரும். சாலையோரத்தில் கடை வைத்திருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து, திறப்பு நேரத்தை எழுத்தில் கேளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், எந்த உத்தரவின்படி சாலை மூடப்பட்டது, உத்தரவில் குறித்த திறப்பு நேரம் என்ன, உண்மையில் எப்போது திறந்தது, மாற்றுப்பாதை எங்கே எப்படி அறிவிக்கப்பட்டது என்று மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் அல்லது மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பு ஏற்பாட்டின் உள்விவரங்களைத் தர மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு, அது சரியும்கூட. ஆனால் சாலை திறந்த நேரம் ரகசியமாக இருக்க முடியாது. சாலையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.